தனாசிஸுக்கு ஊற்றிய தண்ணீர்

சதக். சதக். மண்வெட்டி அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. மாரித்தங்கத்துக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. சரக் என்று ஒரே ஒரு தடவை விழட்டும், பொலபொலவென்று உதிர்கிற மண்ணில் இரும்பு இறங்குகிற சத்தம் ஒரு தடவை வரட்டும், அது போதும் என்று, யாரிடம் கேட்கிறோம் என்பதே தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். குழிக்குள் லெப்தேரிஸ் இடுப்பளவு இறங்கியிருந்தார். அவர் தூக்கிப் போடுகிற ஒவ்வொரு வெட்டும் வெல்லக்கட்டி மாதிரி முழுசாக, வெட்டுவாய் பளபளக்க வந்து விழுந்தது; விழுந்த இடத்தில் உடையாமல் அப்படியே உட்கார்ந்தது. உடையேன், சனியனே, உடைஞ்சு தொலையேன். குழியின் தலைமாட்டில் மடக்கு நாற்காலி போட்டு ஸ்தமாத்தியா உட்கார்ந்திருந்தாள். மடியில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. காலடியில் ஒரு பேசின், ஒரு போத்தல் சிவப்பு ஒயின், புத்தம்புதிதாக ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மேல் அவள் புருஷன் தனாசிஸின் பேர் எழுதியிருந்தது. கிரீஸில் இந்த மவ்ரோலாக்கா ஊரில் புதைத்தவர்களை மூன்று வருஷம் கழித்துத் தோண்டி எடுத்துவிடுவார்கள். மலைச்சரிவில் கையகல இடம், அடுத்தவருக்கு இடம் விட வேண்டும் என்பது ஒரு கணக்கு. வீட்டுப் பெண்கள் எலும்பை ஒயினில் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெட்டியில் அடுக்கி, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பறையில் கொண்டுபோய் வைத்தால்தான் செத்தவருக்கும் இருக்கிறவருக்கும் நடுவில் உள்ளதெல்லாம் தீரும் என்பது இன்னொரு கணக்கு. சதை கரைந்து எலும்பு மஞ்சளாக, சுத்தமாக வந்தால் மனுஷன் நிம்மதியாகப் போய்விட்டான் என்று அர்த்தம். கரையாமல் வந்தால் மூடிவிடுவார்கள். மூடிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தாண்டினால் மகள் ஃபொத்தினி அம்மாவை மெல்போர்னுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், இனி இந்த மலைக்குத் திரும்பி வருகிற பேச்சே இல்லை. முட்டி இரண்டும் போன ஸ்தமாத்தியாவுக்கு இன்றைக்கு விட்டால் அந்தத் துணியை விரிக்க இன்னொரு நாள் கிடையாது. சதக்.

"ஏட்டி தங்கம், புள்ள மூக்க ஒழுக்குதா. கைக்குட்டை எங்க வச்ச?" என்று பின்னால் சைப்ரஸ் மரத்தடியிலிருந்து சுடலைமணி கிசுகிசுத்தான். பேர்தான் சுடலைமணி. விளாத்திகுளத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தபோது சுடுகாட்டுப் பாதையில் டெலிவரி என்றால் பையனை அனுப்பிவிட்டு இவன் டீ குடிக்கப் போய்விடுவான். இங்கே பெண்டாட்டியின் படிப்புக்காகக் கூடவே வந்து, பிள்ளை வளர்த்துக்கொண்டு, ஆலிவ் பறிக்கிற காலத்தில் பக்கத்துத் தோப்புகளுக்குப் போய் வருகிறவனை, பெண்டாட்டியின் படிப்பு கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. "உங்க பேன்ட்டு பாக்கெட்லதான இருக்கு, பாருங்க." "இருக்கு. அவுக எதுக்கு ஒயினு வச்சிருக்காவ?" "கழுவ." "குடிக்க இல்லயா?" "சும்மா கெடங்க." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. இந்த இடத்தில் சிரிப்பா, என்று உதட்டைக் கடித்தாள். எதிர்ப்பக்கம் நின்ற பெண்களில் ஒருத்தி பார்த்தாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான், பயம் கூடக்கூடச் சிரிப்பு முட்டும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அந்த அரசுப் பள்ளிக்கூடத்திலிருந்து மண் படிக்கப் போய், மண்ணிலிருந்து மண்ணாக நகர்ந்து, கடைசியில் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் 'கிரேக்க மலையூர்களின் கல்லறை மண்ணும் சாவு வழக்கங்களும், அன்றும் இன்றும்' என்று ஆராய்ச்சி எடுத்து இந்த ஊரில் வந்து நிற்கிறாள். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று மாமியாருக்குக் கவலை. மண் ஆராய்ச்சி என்று மட்டும் சொல்லுங்கத்தே, என்ன மண் என்று கேட்டால் செம்மண் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் இது செம்மண் இல்லையே. செம்மண்ணாக இருந்தால் இந்நேரம் அவள் வீட்டில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருப்பாள். இது களி. போன வருஷம் இதே வரிசையின் ஓரத்தில் குழாய் இறக்கி மண் எடுத்தபோதே கையில் ஒட்டிக்கொண்டு கழுவக் கழுவப் போகவில்லை. காற்று இறங்காது, தண்ணீர் இறங்காது. போனது அப்படியே இருக்கும். அதை ஸ்தமாத்தியாவிடம் சொல்லாமல் இல்லை. சமையலறையில் அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், "கிரியா, அந்தக் கடைசி வரிசை மண் கொஞ்சம் மோசம், மூணு வருஷம் பத்தாது, அஞ்சாறு விட்டுப் பாக்கலாம்." அவள் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள், "மண்ணுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும், மரித்ஸா. நாப்பது வருஷம் அதைக் கொத்தினவர் அவர்." மாரித்தங்கம் என்று முழுசாகச் சொல்ல அவளுக்கு நாக்கு புரளாது, முதல் நாளே மரித்ஸா ஆக்கிவிட்டாள்; இவளுக்கு அவள் கிரியா, இங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். நாற்பது வருஷம் கொத்தினால் மண்ணுக்குத் தெரியுமா. தெரிந்தால் நல்லதுதான். சதக்.

மோசம் என்று அவள் சொன்ன இதே மண்ணைத்தான் பேராசிரியர் கலியோப்பி முத்தமிடாத குறையாகக் கொண்டாடினார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குக் கீழே, அதே சரிவில், அதே களியில், ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தின ஒரு பெண்ணைப் போன கோடையில் தோண்டினார்கள். விரல் எலும்பு ஒன்றுகூடச் சிதையவில்லை. கழுத்துப் பக்கம் ஒரு மண் மணி. "பாத்தீங்களா, எப்படிக் காப்பாத்தி வச்சிருக்கு! தங்கமான மண்ணு" என்று பேராசிரியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மாரித்தங்கமும் தட்டினாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு புருஷனோ மகளோ இந்த மேட்டில் உட்கார்ந்து காத்திருந்திருப்பார்கள்தானே. சுவருக்குக் கீழே விடாமல் பிடித்து வைத்திருந்தால் தங்கமான மண். சுவருக்கு மேலே விடாமல் பிடித்து வைத்திருந்தால் பாவி மனுஷன். நடுவில் முழங்கால் உயரக் கல்சுவர், அதைப் பூனைகூடத் தாண்டும். இதைக் கட்டுரையில் எழுத வேண்டும், நல்ல வரி, என்று ஒரு மூலையில் புத்தி ஓடியது. சீ, அந்தம்மா மடியில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உனக்கு வரி வேண்டியிருக்கிறதா. பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செத்தவர் பேரில் கொடுப்பதற்காக ஒரு தட்டில் மூடி வைத்திருந்த அவித்த கோதுமையின் மேல், சர்க்கரைக்கும் மாதுளம் முத்துக்கும், தேனீ ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. பின்னால் மகள் அரசி அதைப் பார்த்துக் கையை நீட்டியிருப்பாள், "ப்பூ, ப்பூ" என்கிற குரல் கேட்டது. தேனீயை அவள் பூ என்றுதான் சொல்வாள். பூ. குழி வெட்டுவதற்காக எடுத்து ஓரமாக வைத்த தொட்டிகள் அந்தச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. ஜெரேனியம், திருநீற்றுப்பச்சை, பேர் தெரியாத ஒரு நீலப் பூ. எல்லாம் தளதளவென்று. அதைப் பார்க்காதே. அந்தப் பக்கமே பார்க்காதே.

பார்க்காமல் எப்படி இருப்பது. மற்ற கல்லறைகளெல்லாம் பளிங்குப் பலகை போட்டு மூடிக்கிடக்க, தனாசிஸுக்கு மட்டும் மேலே தோட்டம். அவர் தோட்டக்காரர், அவர் மேல் கல்லை வைக்க மாட்டேன் என்று ஸ்தமாத்தியா மல்லுக்கட்டி மண்ணாகவே விடச் சொல்லி, செடி வைத்தாள். தினம் சாயங்காலம் தகரப் பூவாளியில் தண்ணீர். கோடையில் காலையிலும். காற்றில்லாத களி, அதில் தினமும் தண்ணீர். ஆய்வகத்தில் ஒரு குடுவைக்குள் எதையும் கெடாமல் வைக்க வேண்டுமென்றால் அவளும் அதைத்தான் செய்வாள். அது அவளுக்கு எப்போது உறைத்தது? போன மாசம்தான். முட்டி ஆபரேஷனுக்கு ஸ்தமாத்தியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "என் செடிகளைப் பாத்துக்கோ" என்று பூவாளியை இவளிடம் கொடுத்திருந்தாள். ஒரு சாயங்காலம் ஊற்றிக்கொண்டு நிற்கையில் தண்ணீர் இறங்காமல் தொட்டிகளுக்கு நடுவில் குட்டையாக நின்றது, நின்று வானத்தைக் காட்டியது, அப்போதுதான் அவள் ஊற்றுகிறதை நிறுத்தினாள். மூன்று வருஷமாக ஸ்தமாத்தியா ஊற்றின ஒவ்வொரு வாளியும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கீழே போய், வெளியேற வழியில்லாமல் அவரைச் சுற்றி நின்றுகொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு நாள் மெதுவாக, "கிரியா, தண்ணி கொஞ்சம் குறைச்சு ஊத்தலாமே" என்று ஆரம்பித்தாள். "குறைச்சா? அவருக்கு வெயில் ஆகாது" என்றாள் ஸ்தமாத்தியா. உயிரோடு இருக்கிறவரைச் சொல்வது மாதிரி, தலையில் தொப்பியை மறந்துவிட்டுப் போனவரைச் சொல்வது மாதிரி. அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? உன் பாசத்தில்தான் அவர் ஊறிக்கிடக்கிறார் என்றா? இவளுக்கு மூன்று மொழி தெரியும். மூன்றிலும் அதற்கு வாய் வரவில்லை.

விளாத்திகுளம் கரிசலாக இருந்தால் கோடையில் ஆள் கால் போகிற அகலத்துக்கு வாய் பிளக்கும். அந்த வெடிப்பில் காற்று போகும், வெயில் போகும், பூரான் போகும், ஒரு தடவை அவளுடைய கொலுசு போயிற்று. அப்பா கம்பியை விட்டுக் குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, "மண்ணு கேட்டுச்சு, குடுத்துட்டோம், வேற வாங்கிக்குவோம்" என்றார். அப்பாவை எரித்தார்கள். அவள் அரசியை வயிற்றில் வைத்திருந்தாள். பிள்ளைத்தாச்சி பார்க்கக் கூடாது என்று உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மேளம் கேட்டது, மேளம் தேய்ந்தது, அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த அப்பா. மறுநாள் அண்ணன் எலும்பு பொறுக்கிக்கொண்டு வந்த மண்கலயம் வாசலுக்கு வெளியேயே ஒரு மரத்தில் தொங்கியது. "அண்ணே, ஒரே ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். "பேசாம உள்ள போ பாப்பா, வயித்துப் புள்ளைய நெனை" என்றான் அண்ணன், அழுதுகொண்டே. அங்கே பெண்கள் அந்தப் பக்கமே போக முடியாது. இங்கே பெண்கள்தான் எல்லாம். கழுவுவது, துடைப்பது, அடுக்குவது, அந்த மண்டையோட்டைக் கையில் ஏந்தி நெற்றியில் முத்தம் கொடுப்பது. இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். மண்ணின் அமிலத்தன்மை பற்றி ஏதோ சொன்னாள். எல்லாருக்கும் திருப்தி. ஒரு எலும்பையாவது கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றா சொல்ல முடியும்? "நீயும் கூட நிக்கணும் மரித்ஸா, என் கூட ஒரு கை பிடிக்கணும்" என்று ஸ்தமாத்தியா நேற்று சொன்னாள். அப்போதே இவளுக்குத் தெரியும், கை பிடிப்பதற்கு ஒன்றும் வரப்போவதில்லை என்று. தெரிந்துகொண்டே வெள்ளைத் துணியை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூலை மடிப்பெல்லாம் சரியாக வைத்து. என்ன ஜென்மமோ. ஒருவேளை நான் எடுத்த மண் ஓரத்து மண்ணாக இருக்கலாம், நடுவில் வேறு மாதிரி இருக்கலாம், மண்ணில் அப்படி உண்டு, ரெண்டடிக்கு ரெண்டடி மாறும், ஒரு மணல் பட்டை ஓடியிருக்கலாம், அது தண்ணீரை வடித்துவிட்டிருக்கலாம், ஆமாம், ஓடியிருக்கலாம், ஏன் ஓடக் கூடாது, மணல் பட்டையே, நீ ஓடியிருக்கணும், உனக்குப் புண்ணியமாப் போகும்.

டொக்.

சத்தம் மாறிவிட்டது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். லெப்தேரிஸ் மண்வெட்டியைத் திருப்பி இன்னொரு இடத்தில் தட்டிப் பார்த்தார். டொக். பலகை. மூன்று வருஷத்தில் மக்கி மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டிய பலகை, கதவு மாதிரி, தட்டினால் உள்ளிருந்து யாரோ வரப்போகிற மாதிரி. லெப்தேரிஸ் தலையைத் தூக்கினார். ஸ்தமாத்தியாவைப் பார்க்கவில்லை, பாதிரியாரைப் பார்க்கவில்லை. நேராக மாரித்தங்கத்தைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்கிறீர், நானா புதைத்தேன், மண்ணைப் படித்தால் மண்ணுக்குச் சொந்தக்காரி ஆகிவிடுவேனா. அவர் குனிந்து கையால் சேற்றை வழித்தார். ஒரு பலகையின் ஓரத்தில் விரல் கொடுத்து நெம்பினார். உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினால் வருமே அந்தச் சத்தம், பிறகு வாசம். அழுகல் இல்லை, அது அழுகலாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பழைய மெழுகும் பாசி பிடித்த கிணறும் கலந்த ஒரு குளிர்ந்த வாசம். பின்னால் சுடலைமணி பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டது திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது. லெப்தேரிஸ் பார்த்தார். பலகையைத் திரும்ப வைக்கப் போனார். அதற்குள் ஸ்தமாத்தியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள், ஃபொத்தினி "அம்மா, வேண்டாம்" என்று பிடிக்கப் பிடிக்க விளிம்புவரை வந்துவிட்டாள், எட்டிப் பார்த்துவிட்டாள்.

"சட்டை" என்றாள். "நான் எடுத்த சட்டை. காலர்கூடக் கசங்கலையே."

பலகை மூடிக்கொண்டது. பிறகு எதிர்ப்பக்கத்துப் பெண்களிடமிருந்து சின்னச் சின்னதாக முணுமுணுப்பு வந்தது. சிலுவை போடுகிற கைகள். தண்ணிப் பங்கீட்டில் அண்ணனோடு சண்டை போட்டவர்தானே, அண்ணன் சாகும்போதுகூடப் போய்ப் பார்க்கவில்லையே, என்று யாரோ யாரிடமோ, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஸ்தமாத்தியாவின் கழுத்து அந்தப் பக்கம் மெதுவாகத் திரும்பியது. பிறகு இந்தப் பக்கம்.

"மரித்ஸா. நீ மண் படிச்சவ. எல்லாரும் கேக்கச் சொல்லு. இவராலயா, மண்ணாலயா?"

இவ்வளவு காலம் படித்ததில் யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இதற்கு விடை அவளுக்கு முழுசாகத் தெரியும். அதில் பாதியைத்தான் சொல்ல முடியும். அந்தக் கண் இரண்டும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. சொன்னால் உண்மை. சொன்னால் மெல்போர்னில் ஏதோ ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மீதி ஆயுசுக்கும் தினம் சாயங்காலம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மண்தான் கிரியா" என்றாள், சத்தமாக. "சத்தியமா மண்தான். இந்த மண்ணு யாரையும் கரைக்காது. கீழ எடுத்தாங்களே ரெண்டாயிரம் வருஷத்துப் பொண்ணு, அவளையே விடாத மண்ணு இது. அவர் மேல ஒரு குத்தமும் இல்லை."

"கேட்டீங்களா!" ஸ்தமாத்தியா பெண்கள் பக்கம் கையை வீசினாள். முகம் ஒரு நிமிஷம் பளீரென்று ஆயிற்று. "மண்ணாம்! பல்கலைக்கழகம் சொல்லுது! அண்ணன் பேச்செல்லாம் உங்க அடுப்பங்கரையில வச்சுக்கோங்கடி!" முணுமுணுப்பு அடங்கியது. ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பாதிரியார் அவசர அவசரமாக ஜெபத்தைப் பாடினார். லெப்தேரிஸ் குழியை விட்டு ஏறி, வெட்டிப் போட்ட கட்டிகளையே திரும்பத் தள்ளினார். அவை தொம் தொம்மென்று, எடுத்த மாதிரியே முழுசாக, உள்ளே போய்ச் சேர்ந்தன. ஃபொத்தினி பேசினையும் ஒயினையும் பெட்டியையும் காரில் ஏற்றினாள். அந்தப் பெட்டியை இனி என்ன செய்வார்கள்? விமானத்தில் விடுவார்களா? மரப்பெட்டி என்றால் கேள்வி கேட்பார்கள். ரொட்டி போட்டு வைக்கலாம். என்ன புத்தி இது, எங்கே நிற்கிறோம், என்ன நினைக்கிறோம். அவித்த கோதுமையைக் கரண்டி கரண்டியாகக் காகிதத்தில் மடித்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். சுடலைமணி வாங்கி, முதல் வாயைப் பிள்ளைக்கு ஊட்டினான்.

தொட்டிகளைத் திரும்ப அடுக்கினது ஸ்தமாத்தியாதான். குனிய முடியாமல் கைத்தடியால் காட்டினாள், மாரித்தங்கம் தூக்கித் தூக்கி வைத்தாள். ஜெரேனியம் தலைமாட்டில். திருநீற்றுப்பச்சை நெஞ்சுக்கு நேராக. எல்லாம் முடிந்ததும் ஸ்தமாத்தியா சுவரோரத்திலிருந்து அந்தத் தகரப் பூவாளியை எடுத்து, முந்தானையால் துடைக்கிற மாதிரிக் கறுப்புப் பாவாடையால் துடைத்து, நீட்டினாள்.

"நீ இன்னும் ரெண்டு வருஷம் இங்கதானே இருப்ப. இனி உன் பொறுப்பு. சாயங்காலம் ஒரு தடவை, கோடையில ரெண்டு தடவை. திரும்பிக் கூட்டிட்டு வான்னு மகளைத் தொந்தரவு பண்ண மாட்டேன், நீ போன்ல படம் எடுத்து அனுப்பு. செடி வாடக் கூடாது. அடுத்த தடவை தோண்டும்போது நீ கழுவணும், என் இடத்துல. செய்வதானே?"

"கிரியா... தண்ணி... மழையே போதும்னு நினைக்கிறேன்."

"எந்த மழை? இந்த ஊர்ல மழையை எங்க கண்ட? மண்தான் அவருக்குத் துரோகம் பண்ணிருச்சு, நாமளும் பண்ணணுமா?"

மண் என்று சொன்னது இவள் வாய்தான். சொன்ன வாயைத் திறந்தால் இன்னொரு பாதியும் வர வேண்டும். அது வந்தால் முதலில் வந்ததும் போய்விடும். ஃபொத்தினி காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மாரித்தங்கம் பூவாளியை வாங்கினாள். கனமே இல்லை. ஸ்தமாத்தியா அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், கைத்தடியை ஊன்றிக் கேட்டுவரை போனாள், ஆனால் காரில் ஏறவில்லை. ஏறாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, திரும்பி, பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி," சுடலைமணி குரலைத் தாழ்த்தினான். தண்ணீர் பற்றி ஒரு மாசமாக அவனிடம் தூக்கத்தில்கூடப் புலம்பியிருக்கிறாள். "அவா போற வரைக்கும் சும்மா பாவ்லா காட்டு. வெறும் வாளியச் சாச்சுக்க."

"அங்கருந்து தெரியும். செடி நனையலன்னா தெரியும்."

"அப்ப என்ன செய்யப்போற?"

குழாய் மூலையில் இருந்தது. போய்த் திறந்தாள், தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் கணகணவென்று, பிறகு நிறைய நிறையத் தணிந்து, கடைசியில் சத்தமே இல்லாமல். தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்டில் அந்தக் கறுப்பு உருவம் அசையவில்லை. நெஞ்சுக்கு நேராக இருந்த செடியிலிருந்து ஆரம்பித்தாள், இலையெல்லாம் நனைந்து திருநீற்றுப்பச்சை வாசம் குப்பென்று எழுந்தது, கால்மாட்டுவரை ஊற்றிக்கொண்டே போனாள், ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கேட்டிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இவளும் உயர்த்தினாள். கார் கதவு சாத்துகிற சத்தம், பிறகு சரிவில் இறங்குகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. சுடலைமணியின் கையிலிருந்து வழுக்கி இறங்கி அரசி தத்தித் தத்தி வந்தாள், வாயெல்லாம் சர்க்கரையோடு. தொட்டிகளுக்கு நடுவில், புதிதாக மூடின களியின் மேல், தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. மாரித்தங்கம் அதன் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இறங்கட்டும் என்று பார்த்தாள். அரசி ஒரு காலை உள்ளே வைத்துத் தப் என்று அடித்துச் சிரித்தாள். இறங்கவில்லை. நாளைச் சாயங்காலத்துக்குள்ளும் இறங்காது.